ஒன்றும் நடக்காத நாட்களைக் கேளுங்கள்

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் நினைவில் நிற்பவை பெரிய நாட்கள்தான். கல்யாணம், குழந்தை பிறந்தது, வீடு மாறியது, முதல் வேலைக்குப் போனது, யாரோ தவறிப்போனது. அவற்றுக்குப் படம் இருக்கும், தேதி இருக்கும், நாலு பேர் கூடினால் மறுபடி சொல்லிச் சிரிக்கவோ கலங்கவோ ஒரு கதையும் தயாராக இருக்கும். நடுவே கழிந்த ஆயிரக்கணக்கான சாதாரண நாட்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காலையில் முதலில் எழுந்தது யார், பள்ளி விட்டு வந்ததும் பையை எங்கே போட்டார்கள், மழை வந்தால் யார் எந்த ஜன்னலைச் சாத்த ஓடினார்கள்? இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். சின்னவர்களுக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

என் எண்ணம் நேர்மாறானது. அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டியவை முதலில் அந்தச் சாதாரண நாட்கள்தான். கல்யாண நாளில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள். புதுத்துணி, சிரிப்பு, களைப்பு. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால், விசேஷம் எதுவும் இல்லாத ஒரு மத்தியானத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரிய வேண்டும். என் பாட்டியின் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, அவருடைய பெயர். இன்னொன்று, தனியாக நடந்து போகும்போது வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே போவார் என்பது. பெயர் ஏதாவது ஒரு காகிதத்தில் கிடைத்திருக்கும். இரண்டாவதை என் பாட்டி பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஒரு வரியால்தான் அந்த மனுஷி எனக்குக் கொஞ்சமாவது தெரிந்தவர்.

ஜெர்மன் அறிஞர் யான் அஸ்மான், வாய்ப்பேச்சில் மட்டும் வாழும் நினைவுக்கு ஆயுள் சுமார் 80 முதல் 100 ஆண்டுகள், அதாவது மூன்று நான்கு தலைமுறை என்று கணக்கிட்டார். அதற்கப்புறம் எழுத்தாகவோ சடங்காகவோ நிலைபெற்றது மட்டும் மிஞ்சும். அந்தக் கணக்குப்படி என் கொள்ளுப்பாட்டியின் முணுமுணுப்பு என்னோடு, மிஞ்சினால் என் மகளோடு முடிந்திருக்க வேண்டும். இப்போது எழுதிவிட்டேன், இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும்.

சாதாரணமானதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பதை ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. ஹார்வர்டில் டிங் ஜாங்கும் உடன் ஆய்வாளர்களும் செய்தது, 2014-ல் வெளிவந்தது. கடைசியாக யாரோடு என்ன பேசினீர்கள், என்ன பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நண்பர்களுக்குள் மட்டும் புரியும் கேலி என்ன என்று மாணவர்களை எழுதச் சொல்லி, அதை எடுத்து வைத்தார்கள். பிறகு இதைப் பார்க்க எவ்வளவு ஆர்வமாக இருப்பீர்கள் என்றும் கேட்டு வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்து காட்டியபோது இருந்த ஆர்வம், அவர்களே எதிர்பார்த்ததைவிட அதிகம். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், காதலர் தினத்தைப் பற்றியும் ஒரு சாதாரண நாளைப் பற்றியும் எழுதி வைத்துப் பின்னால் படித்தார்கள். சாதாரண நாள் விஷயத்தில்தான் கணிப்பு அதிகமாகத் தவறியது. மூன்று மாதத்துக்கே இப்படி. அறுபது வருஷத்துக்கு முந்தைய சாதாரண நாள் கிடைத்தால் எப்படி இருக்கும்!

சரி, அதை எப்படி வரவழைப்பது?

"உங்க காலத்துல எல்லாம் எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று கேட்டால், "அப்ப எல்லாம் கஷ்டம்தான் கண்ணு" என்ற பதில் வரும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்; அதில் சொல்பவருடைய குறை எதுவும் இல்லை. நினைவு ஒரு காலகட்டமாகச் சேர்ந்து கிடப்பதில்லை. ஏதாவது ஓர் இடத்தை, ஒரு பொருளை, ஒரு சத்தத்தைத் தொட்டால்தான் அது எழுந்து வரும்.

வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் கையாளும் ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. சின்ன வயதில் இருந்த வீட்டை வரையச் சொல்வது. எங்கள் வீட்டில் இதைச் செய்தவள் என் மகள். ஒரு பெரிய தாளையும் பென்சிலையும் என் அம்மாவிடம் கொடுத்து, "பத்து வயசுல இருந்த வீட்டை வரைங்க பாட்டி" என்றாள். "எனக்கு வரைய வராதும்மா" என்றார் அம்மா. "கோடு போட்டா போதும்." முதலில் வாசல். அப்புறம் ஒரு நீளக் கோடு, அதுதான் கூடம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பென்சில் ஒவ்வோர் அறைக்குள்ளும் போகப் போக, அந்த அறையில் இருந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "நான் இந்த ஜன்னல் பக்கம்தான் படுப்பேன். சின்னவன் தூக்கத்துல உதைப்பான், அவனைச் சுவரோரம் தள்ளிடுவோம். இந்த இடத்துல தையல் மிஷின். அப்பா வர்ற செருப்புச் சத்தம் கேட்டா அக்கா உடனே மிஷினை நிறுத்திடுவா." ஏன் நிறுத்துவார் என்று கேட்டாள் மகள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவருக்குச் சத்தம் பிடிக்காதுன்னு நெனச்சிருந்தோம். இப்ப யோசிச்சா, அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதே இல்ல" என்றார்.

என் தாத்தாவின் கண்டிப்பைப் பற்றி நான் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். அவர் சொல்லாத ஒன்றுக்குப் பிள்ளைகள் பயந்து மிஷினை நிறுத்தினார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது என்றும் சொல்லலாம்.

பத்து வயது என்று மகள் கேட்டதும் நல்ல தேர்வு. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயது முதல் 30 வரையிலான காலத்திலிருந்துதான் மிக அதிகமாக வருகிறது என்பது நினைவு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. முதல் பள்ளி, முதல் நட்பு, முதல் வேலை எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. புதிதாக நடப்பது ஆழமாகப் பதிகிறது. அதனால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அந்த வயதிலிருந்து தொடங்கலாம். பள்ளிக்குப் போன வழி, உட்கார்ந்த இடம், யாரோடு சண்டை, கையெழுத்து எப்படி இருக்கும், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பெரியவர் நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். பல சமயம் அந்த நிறுத்தத்துக்குப் பிறகுதான் முக்கியமானது வருகிறது. தையல் மிஷின் விஷயத்தில் மகள் பேசாமல் இருந்ததால்தான் அந்தக் கடைசி வாக்கியம் கிடைத்தது. அதேபோல, பதிலை நாமே எடுத்துக்கொடுக்கவும் கூடாது. "அப்ப பயமா இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டால், பயமே இல்லாதவர்கூட ஆமாம் என்பார், அடுத்த முறை சொல்லும்போது அந்தப் பயம் கதைக்குள் உட்கார்ந்திருக்கும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக உறவினர் வழியே ஒரு பொய்க் கதையைச் சொன்னதும், பங்கேற்ற 24 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் நடக்காத அதை ஓரளவாவது நினைவுகூர்ந்தார்கள். சொன்னவர் நம் குடும்பத்து ஆள் என்றால் மனம் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்கிறது என்று பாருங்கள்.

அம்மா வரைந்த வீட்டை மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். உடனே போன் வந்தது. "அக்கா, படிக்கட்டு இடது பக்கம் இல்ல, வலது பக்கம்." அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் வெகுநேரம் பேசினார்கள். படிக்கட்டிலிருந்து மாமா விழுந்த கதை, விழுந்ததை மறைக்க எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய், அந்தப் பொய்யில் யாருக்கு என்ன பங்கு என்று நீண்டது. யார் சொன்னது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. மாமாவையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பச் சொன்னோம். இரண்டு தாளும் ஒரே உறையில் இருக்கின்றன, யார் வரைந்தது, எந்தத் தேதி என்ற குறிப்போடு.

இப்படி மாறுவது நினைவின் இயல்பு. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், 1932-ல் வெளியான தன் ஆய்வுகளில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. தங்களுக்குப் பழக்கமில்லாத விவரங்களை விட்டுவிட்டு, பழக்கமானவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். குடும்பக் கதையிலும் இதுதான் நடக்கிறது. அக்கா பார்த்த வீடும் தம்பி பார்த்த வீடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றை அழித்துச் சரிசெய்தால் ஒரு ஆளையே அழித்த மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு என்ன தரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்று தெரியுமா? உன் அம்மா எங்கே வளர்ந்தார் என்று தெரியுமா? உனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியுமா? நீ பிறந்தபோது என்ன நடந்தது என்று தெரியுமா? பெரும்பாலும் இந்த மாதிரி. பிள்ளை நேரில் பார்த்திருக்க முடியாத, யாராவது சொன்னால் மட்டுமே தெரிய வரும் விஷயங்கள். அதிகக் கேள்விகளுக்குத் தெரியும் என்று சொன்ன பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் அதிகமாக இருந்தன.

இந்த முடிவு நிறையப் பேரால் தவறாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிள்ளைக்கு இருபது பதில்களையும் மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று பொருளில்லை. அதை அந்த ஆய்வாளர்களே தெளிவாகச் சொன்னார்கள். அந்தப் பதில்கள் தெரிந்திருப்பது, அந்த வீட்டில் பெரியவர்களும் சின்னவர்களும் அடிக்கடி கூட உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதற்கு அடையாளம். பலன் அந்தப் பழக்கத்தில் இருக்கிறது. அவர்கள் சொன்ன இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'நாம் ஒன்றுமில்லாமல் இருந்து மேலே வந்தோம்' என்று ஏறுமுகமாக மட்டும் சொல்லும் குடும்பம் உண்டு, 'எல்லாம் இருந்தது, எல்லாம் போச்சு' என்று இறங்குமுகமாகச் சொல்லும் குடும்பம் உண்டு. ஏற்றமும் இறக்கமும் கலந்து, எப்படியும் சேர்ந்தே இருந்தோம் என்று சொல்லப்படும் கதைதான் பிள்ளைக்கு மிகவும் உதவுகிறது என்பது அவர்கள் கருத்து. என் அப்பா பரீட்சையில் தோற்று, ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் வீட்டுக்குள் இருந்ததைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று அம்மா தயங்கினார். சொல்லச் சொன்னவர் அப்பாதான். அந்தக் கதையைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள்.

மிகச் சின்னக் குழந்தைகளிடம் வேறு விதமாகப் பேச வேண்டும். பெரியவர்களாகிய நம்மில் பலருக்கும் முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. அதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2000-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முன்பிருந்தே தொடங்கியிருந்தது. நடந்ததைப் பற்றிக் குழந்தைகளோடு விரிவாகப் பேசும் வழக்கமும், கடந்த காலத்துக்கு அவர்கள் பண்பாடு தரும் மதிப்பும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் குழந்தை "ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்லும். "நாம நடந்து வரும்போது ஒரு நாய் நம்ம பின்னாடியே வந்துச்சே, அது எங்க போய் நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். நாம் ஒரு பிடி கொடுத்தால் குழந்தை மீதியைச் சொல்லும். இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லும், பரவாயில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பகிர்வது என்றாலே மேலிருந்து கீழே வருவது என்று எண்ணுகிறோம்: தாத்தா சொல்ல, பேரன் கேட்க. தாத்தாவுக்குப் பேரனின் அன்றாடம் எவ்வளவு தெரியும்? மார்க்கும் உயரமும் தெரியும். அவன் பக்கத்தில் உட்காரும் பையனின் பெயர் தெரியாது, எந்த மாடிப்படியில் உட்கார்ந்து அவர்கள் பேசுகிறார்கள் என்பது தெரியாது. பிள்ளைகள் தங்கள் நாளைச் சொன்னால்தான் பெரியவர்களுக்கும் தங்கள் நாள் ஞாபகம் வரும். தொலைவில் இருப்பவர்களுக்குக் குரல் பதிவு இதற்கு நன்றாக உதவுகிறது. வீடியோ அழைப்பில் எல்லோரும் முகத்தைக் காட்டி "சாப்பிட்டாச்சா, நல்லா இருக்கீங்களா" என்பதோடு நின்றுவிடுகிறோம். குரல் பதிவில் மகள் நடந்துகொண்டே பேசுகிறாள்; அம்மா அதை ராத்திரி இரண்டு முறை கேட்டுவிட்டு, மறுநாள் நிதானமாகப் பதில் பேசி அனுப்புகிறார்.

முதியவர்கள் பழையதையே பேசிக்கொண்டிருப்பது மூளை தளர்வதன் அறிகுறி என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நினைத்திருந்தது. 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் அதை மறுத்தார். முடிவு நெருங்குவதை உணரும் மனம் தன் வாழ்க்கையை எடுத்துப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்வது இயல்பான வேலை என்றார். இன்று முதியோர் பராமரிப்பில் நினைவுகூரச் செய்வதை ஒரு சிகிச்சையாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே "இதை எத்தனை தடவைதான் சொல்வீங்க" என்று யாராவது சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே கதை திரும்ப வரும்போது, இதுவரை கேட்காத ஒரு மூலையைக் கேட்கலாம். அப்ப அந்த அறையில வேற யார் இருந்தாங்க? கதவு திறந்திருந்துச்சா?

சிலவற்றைக் கேட்கவே கூடாது. இழந்த குழந்தை, பிரிந்த உறவு, யாரோ செய்த துரோகம். அவர்களாக எடுத்தால் கேட்கலாம், நிறுத்தினால் விட்டுவிட வேண்டும். பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட வேண்டும். நினைவு அவர்களுடையது.

பதிவு என்றதும் எடிசன் ஞாபகம் வருகிறது. 1877-ல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தவர், அடுத்த ஆண்டு அது எதற்கெல்லாம் பயன்படும் என்று எழுதிய பட்டியலில், குடும்பத்தார் தங்கள் சொந்தக் குரலில் சொல்லும் நினைவுகளைச் சேர்த்து வைப்பதையும் ஒன்றாகக் குறிப்பிட்டார். இன்று அந்தக் கருவி எல்லோர் பையிலும் இருக்கிறது. அனுமதி கேட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, போனைப் பேசுபவருக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். தொடக்கத்தில் தேதியையும் பேசுபவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் அது உள்ளே இருக்கும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பழைய வீடியோ கேசட்டுகள் இருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். காந்த நாடா தேய்கிறது, அதை ஓட்டும் கருவியும் அரிதாகிக்கொண்டே போகிறது. பசைப் பக்கங்களில் ஒட்டிய ஆல்பங்கள் படத்தையே கெடுப்பவை, மெதுவாகப் பிரித்தெடுப்பது நல்லது. படத்தின் பின்னால் எழுதுவதென்றால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

எழுதும்போது பெயரும் தேதியும் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹெங்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் முழுதாகப் படமெடுத்த பொருட்களை, வெறுமனே பார்த்தவற்றைவிடக் குறைவாகவே மாணவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. கவனம்தான் நினைவாகிறது. படத்தில் தாத்தா நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருப்பது என்ன, ஏன் இடது கையைப் பின்னால் மறைத்திருக்கிறார் என்பதை எழுதுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் ஒன்று. 1937-ல் பிரிட்டனில் மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு தொடங்கியபோது, ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி தாங்கள் செய்ததை எல்லாம் எழுதி அனுப்பும்படி சாதாரண மக்களைக் கேட்டது. அந்த ஆண்டு மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. அன்றைக்கும் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் குறிப்புகள் அந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. 2010 முதல் ஆண்டுதோறும் மே 12 அன்று மறுபடி பொதுமக்களிடம் நாட்குறிப்பு கேட்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் நாங்களும் யாருடைய பிறந்தநாளும் இல்லாத, விடுமுறையும் இல்லாத ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தோம். அன்று வீட்டில் எல்லோரும் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை நடந்ததை எழுத வேண்டும். எழுத்துப்பிழை பார்ப்பதில்லை, நீளம் குறைந்தால் குறைசொல்வதில்லை, அன்றைக்கே மற்றவர் எழுதியதைப் படிப்பதும் இல்லை.

முதல் முறை அம்மா மூன்று வரி எழுதினார்: எழுந்தேன், முட்டி வலித்தது, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உட்கார்ந்து என்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் பெண்ணைத் தினமும் பார்ப்பதையும், அவளிடம் ஒரு நாளும் பேசியதில்லை என்பதையும், அவள் வராத நாளில் என்ன ஆச்சோ என்று கவலைப்படுவதையும் அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அந்தத் தாள் இரண்டு பக்கம் ஓடியது. அந்தப் பெண்ணைப் பற்றி எங்கள் யாருக்குமே தெரியாது.

இந்த ஆண்டு என் தம்பி குடும்பமும் சேர்ந்துகொள்கிறது. அவன் சின்னப் பையனுக்கு இன்னும் எழுத வராது. அவன் வரைந்து தருவான். பக்கத்தில் அவன் சொல்வதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதும் பொறுப்பை என் மகள் ஏற்றிருக்கிறாள். மாமாவிடமும் கேட்டிருக்கிறோம். படிக்கட்டு விஷயத்தை அம்மா ஒத்துக்கொண்டால் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.